வரைபடத்தில் வெள்ளைக் கோடு

மிஷெலின் நிறுவனம் அச்சிடும் பிரான்ஸ் வரைபடத்தில் சாலைகளுக்கும் சாதி உண்டு. சிவப்புக் கோடு பெரிய சாலை. லாரிகளும் அவசரக்காரர்களும் போகும் வழி. மஞ்சள் அதற்கு அடுத்த தட்டு. கடைசியில் வெள்ளை: இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் இறங்கி நிற்க வேண்டிய கிராமத்துச் சாலை. கோட்டின் ஓரத்தில் பச்சை இழுத்திருந்தால் பார்க்க அழகான பாதை என்று பொருள். கோட்டின் மேல் அம்பு முனை போட்டிருந்தால் ஏற்றம், முனை காட்டும் பக்கம் மேடு. ஒரு முனை என்றால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 13 வரை. மூன்று என்றால் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளலாம். பிரெஞ்சு கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவர் கற்க வேண்டிய இலக்கணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

வெளிநாட்டவருக்கு பிரான்ஸும் சைக்கிளும் என்றால் நினைவுக்கு வருவது ஜூலை மாதத்து டூர் டி பிரான்ஸ். தொலைக்காட்சி, ஹெலிகாப்டர், சாலையோரம் லட்சம் பேர். அதே சாலையை ஜூன் மாதத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாது. அந்த நாட்டில் மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதில் தேசிய நெடுஞ்சாலைகளும் சுங்க விரைவுச் சாலைகளும் சேர்ந்து இருபதாயிரம் கி.மீ. சொச்சம்தான். சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் கி.மீ. மாவட்டங்களின் பொறுப்பு. எஞ்சிய ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. கிராம, நகர சபைகளின் பொறுப்பு. வண்டிகளில் கணிசமான பகுதி முதல் வகைச் சாலையில் முண்டியடிக்க, கடைசி வகையில் காலையிலிருந்து போனது ஒரு தபால் வண்டியும் ஒரு டிராக்டரும் என்ற நிலை சர்வசாதாரணம்.

இதற்கு நல்ல உதாரணம், தென்மேற்கே லோட் மாவட்டத்தில் ஓடும் செலே என்ற சிற்றாறு. மாவட்டத் தலைநகர் காயோர். அங்கிருந்து லோட் நதியை ஒட்டிக் கிழக்கே முப்பது கி.மீ. வந்தால் பூஸியேஸ் என்ற சின்ன ஊருக்கு அருகே செலே வந்து கலக்கிறது. அங்கே திரும்பி டி-41 என்ற சாலையைப் பிடித்தால் போதும். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துவிடலாம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் சாலை. ஃபிஜாக் நகரம் வரை ஐம்பது கி.மீ. அளவுக்கு இதே கதைதான்.

ஐம்பது கி.மீ. பழகிய கால்களுக்கு மூன்று மணி நேர வேலை. அப்படி ஓட்டுகிறவர்கள் எதையும் பார்க்கப் போவதில்லை. முதல் ஊரான காப்ரரேயில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கோட்டைச் சுவர் சாலைக்கு மேலேயே தொங்குகிறது. அந்த ஊரின் குன்றில் பெஷ்-மெர்ல் குகை. 1922இல் இரண்டு உள்ளூர் இளைஞர்கள் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்த இதன் சுவரில், சுமார் 29 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ வரைந்த புள்ளிக் குதிரைகள் இரண்டு முதுகு காட்டி நிற்கின்றன. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு இருப்பதால் முன்பதிவு அவசியம். அடுத்து ஸோலியாக். பிறகு மார்சியாக்: நூறாண்டுப் போரில் சிதைந்த மடாலயம், கூரையில்லாத மண்டபத்தில் புல் முளைத்திருக்கிறது. ஸான்-ஸ்யூல்பீஸில் வீடுகள் பாறையின் குடைவுக்குள்ளேயே முதுகைச் செருகிக் கட்டப்பட்டிருக்கின்றன. எஸ்பான்யாக்கில் ஆற்றைக் கடந்தால், மரச்சட்டமும் செங்கல்லுமாக ஒரு மணிக்கூண்டு. ஊர்களுக்கு நடுவே சோளக்கொல்லை, வால்நட் மரங்கள், தண்ணீரின் சத்தம். இவ்வளவுதான். இதற்காகவா கண்டம் தாண்டி வருகிறார்கள் என்று கேட்பவர்கள் பாரீஸிலேயே தங்கிவிடுவது நல்லது.

பள்ளத்தாக்கு அலுத்தவர்கள் எந்த ஊரிலிருந்தும் மேலே ஏறலாம். ஏற்றம் கடுமை, மூன்று நான்கு கி.மீ.க்கு வளைந்து வளைந்து மூச்சு வாங்க வைக்கும். மேலே வந்தால் காட்சி மாறிவிடுகிறது. கோஸ் என்று பெயர் கொண்ட வறண்ட சுண்ணாம்புக் கல் பீடபூமி. குட்டையான ஓக் மரங்கள், கண்ணைச் சுற்றி மை பூசியது போன்ற கறுப்பு வளையத்தோடு செம்மறி ஆடுகள், சுண்ணாம்போ சிமென்ட்டோ வைக்காமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள். சுவர்கள் மைல் கணக்கில் போகின்றன. பல இடங்களில் அவற்றுக்கு உள்ளே பயிரும் இல்லை, ஆடும் இல்லை. வெறும் புதர்.

இவ்வளவு கல்லை யார் பொறுக்கி அடுக்கினார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி இந்த இடத்தில் எழாவிட்டால் அந்தச் சைக்கிள்காரர் வேகமாகப் போகிறார் என்று அர்த்தம். லோட் மாவட்டத்தில் 1851இல் கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அதில் பாதிதான் மிஞ்சியது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சை வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. ரயில் வந்தது, இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு 1914. பிரான்ஸ் அந்தப் போரில் 13 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை இழந்தது, அவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். எவ்வளவு சிறிய ஊரானாலும் அதன் நடுவே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதில் பொறித்த பெயர்களை எண்ணிவிட்டு, இன்று புகை வரும் வீடுகளையும் எண்ணினால் சில ஊர்களில் பெயர்கள் ஜெயித்துவிடும். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை வருவதையும் பார்க்கலாம்.

வடகிழக்கே மியூஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து தென்மேற்கே லாந்த் காடுகள் வரை நாட்டின் குறுக்கே மக்கள் குறைந்த ஒரு பட்டை ஓடுகிறது. பிரெஞ்சுப் புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'வெறுமையின் மூலைவிட்டம்'. அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, நியாயமாகவே. லோட்டுக்கு வடக்கே உள்ள க்ரேஸ் மாவட்டம் இந்தப் பட்டையின் நடுவில் இருக்கிறது. 1851இல் 2 லட்சத்து 87 ஆயிரம் பேர் இருந்த அங்கே இன்று 1 லட்சத்து 20 ஆயிரம்கூட இல்லை. அமைதியான சாலை தேடும் சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்ளும் பிரதேசங்களின் பட்டியலையும் இந்த மூலைவிட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பெரும்பாலும் பொருந்தும்.

ஆள் போய்விட்டார்கள், சாலை எப்படி இத்தனை நேர்த்தியாக இருக்கிறது? விடை 1836ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த வருடம் மே மாதம் வந்த ஒரு சட்டம், ஊரை ஊரோடு இணைக்கும் பாதைகளைப் பராமரிப்பது அந்தந்தக் கிராமசபையின் கட்டாயக் கடமை என்றது. பணம் இல்லாவிட்டால் உழைப்பு: ஊரில் உள்ள ஆண்கள் வருடத்துக்கு மூன்று நாள் வரை சாலை வேலைக்கு வர வேண்டும், மாடும் வண்டியும் இருந்தால் அவற்றோடு. ஜனத்தொகை உச்சத்தில் இருந்த காலத்தில், அந்த ஜனங்களின் கையால், அவர்களது சந்தைக்கும் மாதா கோவிலுக்கும் போட்ட பாதைகள் இவை. அதனால்தான் நாலைந்து கி.மீ.க்கு ஒரு கோபுரம் தெரிகிறது. நடந்து போகிறவனின் அளவில் அமைந்த தூரம், சைக்கிளுக்கும் தோதாக அமைந்துவிட்டது. போட்டவர்களின் பேரன்கள் துலூஸுக்கும் பாரீஸுக்கும் போய்விட்டார்கள். பாதை இருக்கிறது, அதற்குத் தார் பூசும் செலவு எஞ்சியவர்கள் தலையில் இருக்கிறது.

இந்தப் பாதைகளைப் பயணத்துக்காகப் பயன்படுத்தலாம் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் போல் த விவி. 1853இல் பிறந்த பட்டு வியாபாரி. செயின்ட் எத்தியேனில் சைக்கிள் கடை வைத்து, 1887இல் பத்திரிகையும் தொடங்கி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக ஓட்டாதே என்ற ரீதியில் அவர் சொன்ன விதிகளை அங்கே இன்றும் ஒப்பிக்கிறார்கள். மலையேற சைக்கிளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று அவர் வாதாடினார். டூர் டி பிரான்ஸின் பிதாமகரான ஆன்ரி தெக்ரான்ஜ் அதை ஏற்கவில்லை, கியர் மாற்றுவது சோம்பேறிகளின் சமாச்சாரம் என்பது அவரது கட்சி. டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. ஆக, இன்று உலகமெங்கும் கியர் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் நன்றி சொல்ல வேண்டியது பந்தயக்காரர்களுக்கு அல்ல, வேடிக்கை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றியவர்களுக்கு. வெலோசியோ 1930இல் இறந்தார். மலைப்பாதையில் அல்ல, செயின்ட் எத்தியேனின் தெருவில் டிராம் மோதி.

அடுத்த அலை 1936இல் வந்தது. லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு முதன்முறையாக ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டது. கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளர்கள் மலிவு விலை ரயில் டிக்கெட்டிலும், அதற்கும் வசதியில்லாதவர்கள் சைக்கிளிலும் கிளம்பினார்கள். கணவனும் மனைவியும் முன்னும் பின்னுமாக மிதித்துப் போகும் இரட்டை சைக்கிள் அந்தக் கோடையின் அடையாளச் சின்னமாகவே ஆகிவிட்டது. தங்கள் தாத்தாக்கள் விட்டுவிட்டு வந்த கிராமங்களை அவர்களில் பலர் விருந்தாளியாகப் பார்த்தார்கள்.

பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலா சம்மேளனம் நடத்தும் ஒரு நெடுங்காலத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆறு இடங்கள். அங்கே சைக்கிளில் போய், காபிக் கடையிலோ பேக்கரியிலோ அட்டையில் ஊர் முத்திரை வாங்க வேண்டும். கெடு எதுவும் இல்லை. எல்லா மாவட்டங்களையும் முடிக்க முப்பது வருடம் எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆறுபடை வீடு போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாவட்டத்துக்கு ஆறு. இதில் இப்போது ஒரு சங்கடம். முத்திரை குத்த ஊரில் கடை இருக்க வேண்டுமே. பிரான்ஸில் 1960 வாக்கில் சுமார் 2 லட்சம் காபிக் கடைகள் இருந்ததாகக் கணக்கு. இப்போது 40 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கடை மூடிய ஊர்களில், ஊர்ப் பெயர்ப் பலகையின் முன் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

மூடுவது காபிக் கடை மட்டுமல்ல. ஆரம்பப் பள்ளிக்குப் போதுமான பிள்ளைகள் இல்லாததால் இரண்டு மூன்று ஊர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன: சின்ன வகுப்பு ஓர் ஊரில், பெரிய வகுப்பு இன்னோர் ஊரில், நடுவே பஸ். டாக்டர் ஓய்வு பெற்றால் மாற்று வருவதில்லை. ரொட்டி, வேனில் வந்து ஹாரன் அடிக்கிறது. சில ஊர்களில் சதுக்கத்தில் நிறுத்திய தானியங்கிப் பெட்டிதான் பேக்கரி. காசு போட்டால் பாகெட் ரொட்டி விழும். பாகெட் செய்யும் கலையை யுனெஸ்கோ 2022இல் மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

சைக்கிள்காரருக்கு 'ஆஹா, ஒரு வண்டிகூட இல்லை' என்று தோன்றும் சாலை, அங்கே வசிக்கும் நர்ஸுக்கோ தச்சருக்கோ வேலைக்கு 40 கி.மீ. தூரம், பஸ் கிடையாது, டீசல் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டு பார்வைகளும் 2018இல் மோதிக்கொண்டன. அந்த ஜூலையில் அரசு, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 90லிருந்து 80 கி.மீ. ஆகக் குறைத்தது. விபத்து குறையும் என்றது பாரீஸ். எங்கள் நேரத்தை யார் தருவார்கள் என்றது கிராமம். எரிபொருள் வரி உயர்வும் சேர்ந்துகொள்ள, நவம்பர் 17 அன்று மஞ்சள் சட்டைக்காரர்கள் ரவுண்டானாக்களை மறித்தார்கள். காரில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று அரசே 2008இல் ஆணையிட்ட அதே ஒளிரும் மேலங்கிதான் சீருடை. (இரவில் ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்டுகிறவரும் அதை அணிந்தாக வேண்டும் என்பது சட்டம்.) வரி உயர்வு கைவிடப்பட்டது. 90க்குத் திரும்ப விரும்பும் மாவட்டங்கள் திரும்பலாம் என்று பின்னர் சட்டமும் தளர்ந்தது. பல மாவட்டங்கள் திரும்பின.

சைக்கிளையும் காரையும் பிரித்துவிடுவதுதான் தீர்வு என்று ஒரு கட்சி. கைவிடப்பட்ட ரயில் பாதைகளில் தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்டு 'பசுமை வழி' என்று பெயரிடுவது அதன் வேலைத்திட்டம். 1997இல் பர்கண்டியில், ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே திறந்த 44 கி.மீ. பாதை இதில் முன்னோடி. லுவார் நதியோரம் சுமார் 900 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிள் தடமே அமைந்திருக்கிறது. ஏற்றம் இல்லை, வழி தவறாது, அரண்மனைகள் வரிசையாக வருகின்றன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஆகஸ்டில் அங்கே அமைதியைத் தேடினால் கிடைப்பது, மணி அடித்துக்கொண்டு முந்தும் இன்னொரு குடும்பம்தான். தவிர, ரயில் பாதை ஊருக்கு வெளியே போவது; அதில் போகிற சைக்கிளும் ஊருக்கு வெளியேதான் போகும். செலே வந்து சேரும் லோட் பள்ளத்தாக்கில் இந்தச் சண்டை நிஜமாகவே உண்டு. பயணிகள் ரயில் நின்று பல பத்தாண்டுகள் ஆன காயோர்-காப்தனாக் பாதையைச் சைக்கிள் வழியாக்கலாம் என்றார்கள் ஒரு தரப்பார். தண்டவாளத்தில் கை வைக்காதீர்கள், ரயிலைத் திரும்ப ஓட்டுங்கள் என்றார்கள் இன்னொரு தரப்பார். சுற்றுலாப் பயணிக்கு வேண்டியது முதலாவது. ஃபிஜாக் போகும் கல்லூரி மாணவிக்கு வேண்டியது இரண்டாவது. இதில் மாணவியின் பக்கம் நியாயம் அதிகம் என்று சொல்லச் சைக்கிள்காரராக இருப்பது தடையாக இருக்க வேண்டியதில்லை, அவருக்குத்தான் வெள்ளைச் சாலைகள் இருக்கின்றனவே.

அந்தச் சாலைகளில் போக விரும்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில சமாச்சாரங்கள் வழிகாட்டி நூல்களின் முதல் பக்கத்தில் இருப்பதில்லை. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் இருக்கும். 'குடிக்கத் தகாதது' என்று பலகை இல்லாவிட்டால் புட்டியை நிரப்பலாம். நிழலுக்கும் குறைவிருக்காது. நண்பகல் 12 முதல் 2 வரை கடைகள் சாத்தியிருக்கும், கெஞ்சினாலும் திறக்காது. ஊருக்குள் குறுக்குத் தெருவிலிருந்து வலப்பக்கமாக வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற பழைய விதி பல இடங்களில் இன்னும் செல்லும், தெரியாதவர்கள் தடுமாறுவார்கள். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும் என்பது சட்டம். கிராமப்புற ஓட்டுநர்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே விடுகிறார்கள். கோடையில் சாலைக்குத் தார் தெளித்துப் பொடிக்கல் இறைத்திருப்பார்கள். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வரும், இறக்கத்தில் அதை அலட்சியம் செய்தால் முழங்கால் சிராய்ப்பு நிச்சயம். இலையுதிர் கால ஞாயிறுகளில் காட்டோரம் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுவது உத்தமம். வழி கேட்கவோ ஒதுங்கவோ ஊரில் எது இல்லாவிட்டாலும் மேரி என்ற கிராமசபைக் கட்டடம் இருக்கும். கடற்கரையில் 2014இல் இடிந்து விழுந்து மறுபடி எழுந்த கட்டடத்தை அறிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு உபரி லாபம். செலேவுக்கு மேலே உள்ள பீடபூமியில் தெருவிளக்குகள் அவ்வளவு குறைவு. நாட்டிலேயே மிக இருண்ட வானங்களில் ஒன்று என்பதால் அந்தப் பகுதிக்கு 'குவெர்ஸியின் கறுப்பு முக்கோணம்' என்று பெயர். பால்வீதி கண்ணுக்கு நேரே தெரிகிறது. விண்மீன் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள்.

பாதை முடியும் ஃபிஜாக், எகிப்திய சித்திர எழுத்துகளின் புதிரை அவிழ்த்த ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர். பழைய வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றத்தின் தரையில் ரொஸெட்டா கல்வெட்டைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நடக்கலாம். ஊரில் ரயில் நிலையம் உண்டு. உள்ளூர் ரயில்களில் சைக்கிளைக் கொக்கியில் மாட்டி ஏற்றிப் போகலாம். கொக்கிகள் சொற்பம் என்பதால் கூட்டமாகப் போகிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். உகந்த காலம் மே, ஜூன், பிறகு செப்டம்பர். திங்கட்கிழமை மட்டும் கிளம்ப வேண்டாம். பல கிராமங்களில் அன்று பேக்கரிக்கு விடுமுறை.